வீட்டுக்கே வந்து புண்ணைச் சுத்தம் செய்கிறார்களாம், மாமனாருக்கு நம்பிச் செய்யலாமா? (பெங்களூர்)

மர்பிடவுன்_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் இருப்பவர்கள், முக்கியமாக மருத்துவத் துறையில் இருப்பவர்கள், கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மாமனாருக்கு 71 வயது. ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெடுநாள் சர்க்கரை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி குறைவு. செருப்பு கழன்று போனால்கூடத் தெரியாமல் நடந்துகொண்டே போவார். வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் புண் வந்து, காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி மருந்து ஏற்றிக் காய்ச்சல் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், வாரம் ஒருமுறை ஓ.பி.க்கு வந்து செத்த சதையை எடுத்துக்கொள்ள (டிப்ரைட்மென்ட்) வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது.

எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்க இரண்டு ஆண்கள் வேண்டும். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனால் நானும் மாமியாரும்தான். அதனால் வீட்டு மருத்துவ சேவை நடத்துகிற ஓர் இடத்துக்கு போன் செய்தேன். "டிப்ரைட்மென்ட் வீட்டிலேயே செய்துவிடலாம் மேடம், ஆள் அனுப்புகிறோம்" என்றார்கள். யார் வருவார், என்ன செய்வார் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை.

இன்னொன்று. படுத்தே கிடந்ததில் இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து, காய்ந்து, கெட்டியாக இருக்கிறது. வலி இல்லை என்கிறார். அதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று போனில் சொன்னார்கள். மாமியார் "எடுத்துவிட்டால் நிம்மதி" என்கிறார். என் வீட்டுக்காரருக்குப் பயம். நான் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?


வீட்டுச்செவிலி_ஜேபிநகர் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சர்ஜரி வார்டில் இருந்துவிட்டு, இப்போது வீட்டு நர்சிங்கில் இருக்கிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். தினமும் செய்கிற வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போனில் பேசியவர் எந்த முறையைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். செத்த சதையை அகற்றப் பல வழி உண்டு. ஹைட்ரோஜெல் போன்ற ஈரம் தரும் மருந்தை வைத்து மூடினால், உடம்பே தன் போக்கில் அந்த அழுகலைக் கரைத்துவிடும். மெதுவாக நடக்கும், வலி குறைவு. கொலாஜினேஸ் போன்ற நொதி களிம்பு தடவுவது இன்னொரு வழி. பிளேடாலோ, கியூரெட் என்கிற சுரண்டும் கருவியாலோ பிடிப்பு விட்ட சதையைச் சீவி எடுப்பது மூன்றாவது. சர்க்கரைக் கால் புண்ணுக்கு, ரத்த ஓட்டம் சரியாக இருந்தால், இந்த மூன்றாவதைத்தான் சர்வதேச வழிகாட்டுதல்களும் முதலில் சொல்கின்றன. ஆழமாக அறுத்துச் சீழை வெளியேற்றுவது, எலும்பைத் தொடுவது இதெல்லாம் ஆபரேஷன் தியேட்டர் வேலை. அதை வீட்டுக் கட்டிலில் யார் செய்கிறேன் என்றாலும் விடாதீர்கள்.

வீட்டில் நாங்கள் செய்வது எப்படி இருக்கும் என்று சொன்னால் உங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க மாட்டோம். சலைன் விட்டு ஊறவைத்துத்தான் எடுப்போம். எடுத்த காஸை உடனே தூக்கிப் போடாமல் திருப்பிப் பார்ப்போம். எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம் என்பதில் நிறையத் தெரிந்துவிடும். புண்ணைக் கழுவிய பிறகும் வாடை இருக்கிறதா என்று பார்ப்போம். கழுவுவதற்கு முன் வருவது பாதி பழைய கட்டின் வாடை. அப்புறம் அளவு எடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ. உலோகக் குச்சியால் மெதுவாக ஆழம் பார்ப்போம். அது அடியில் டக்கென்று எலும்பில் தட்டினால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டு டாக்டருக்கு போன் செய்வோம். எலும்பு வரை கிருமி போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம்.

அதெல்லாம் சரியாக இருந்தால் ஃபோர்செப்ஸால் மஞ்சள் சவ்வின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, பிளேடைப் படுக்கைவாட்டில் வைத்து, தளர்ந்த இடத்தை மட்டும் சீவுவோம். சுற்றிலும் தடித்து வெள்ளையாகக் கிடக்கும் காய்ப்பையும் சீவ வேண்டும். அந்தக் காய்ப்பு இருக்கிற வரை ஒவ்வோர் அடியிலும் புண்ணின் மேல் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். பலர் நடுவை மட்டும் சுத்தம் செய்துவிட்டு ஓரத்தை விட்டுவிடுகிறார்கள். சிவந்த சதையில் ரத்தம் பொடிப்பொடியாகத் துளிர்த்தால் போதும், நிறுத்திவிடுவோம். சதைக்கும் தசைநாருக்கும் வித்தியாசம் தெரியாத கையில் பிளேடு இருக்கக் கூடாது. பளபளவென்று வெள்ளை நாராகத் தெரிவதை அழுகல் என்று நினைத்து வெட்டிவிட்டால், அந்த விரல் அதோடு போயிற்று.

முடிந்ததும் புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பதறிவிடுவார். மூடிக் கிடந்தது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

வருகிறவரிடம் கேளுங்கள்: மாநில நர்சிங் கவுன்சில் பதிவு இருக்கிறதா, பிளேடு பிடிக்கத் தனியாகப் பயிற்சி எடுத்தவரா, எந்த டாக்டரின் எழுத்துப்பூர்வமான உத்தரவில் செய்கிறார், ரத்தம் நிற்காவிட்டால் அந்த டாக்டர் உடனே போன் எடுப்பாரா. "அட்டெண்டர் வருவார், அவரே பார்த்துக்கொள்வார்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாமனார் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? வருகிறவர் கதவைத் திறந்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்கவில்லை என்றால் அதிலிருந்தே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

இடது குதிகாலைப் பற்றி டாக்டர்கள் யாராவது சொல்லட்டும். என் கருத்து, இப்போதைக்குத் தொடாதீர்கள்.


கேஆர்புரம்_தம்பி எழுதியது:

அக்கா, தயவுசெய்து அந்தக் குதிகாலை எடுக்க விடாதீர்கள். எங்கள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேர் சொல்ல விருப்பமில்லை.

அம்மாவுக்கும் சர்க்கரைதான், கூடவே பிரஷர். சுண்டுவிரல் நுனி கறுத்துக் காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்த ஆள் பையைத் திறந்தார், கையுறை போட்டார், நேரே வெட்டத் தொடங்கிவிட்டார். காலில் நாடி பார்க்கவில்லை, பழைய ரிப்போர்ட் எதையும் கேட்கவில்லை. ரத்தமே வரவில்லை, "பாருங்க, எவ்வளவு க்ளீனா வந்துடுச்சு" என்றார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். ரத்தம் வராதது நல்ல அறிகுறி இல்லை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? காய்ந்து கிடந்தது ஈரமாகி, கறுப்பு மேலே ஏற ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடைக்கு மேலேயே ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். பலூன் வைத்துத் திறந்து காலைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து செய்வதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகும் அம்மாவுக்கு வீட்டில்தான் கட்டு மாற்றினோம், நல்ல சிஸ்டர் ஒருவர் வந்தார். ஆனால் அந்த முதல் ஆள் ஒரே ஒரு நிமிடம் பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்திருந்தால்! இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.


ஓய்வு_சர்ஜன்_அல்சூர் எழுதியது:

தம்பி எழுதியதை இந்த இழையைப் படிக்கிற எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். முழு விஷயமும் அதில் இருக்கிறது.

பிளேடு, களிம்பு, ஜெல் எல்லாம் அப்புறம். அந்தக் காலுக்கு ரத்தம் போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. வேருக்குத் தண்ணீர் போகாத செடியில் காய்ந்த இலையைக் கிள்ளினால் அங்கே புதிதாகத் துளிர்க்குமா? காயும், கூடவே நல்ல கிளையும் காயும்.

பார்ப்பது கஷ்டமில்லை. பாதத்தின் மேல்புறத்தில் ஒரு நாடி, கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு நாடி. இரண்டும் கைக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், அல்லது சந்தேகம் என்றால், ரத்த ஓட்டத்தை ஒலியலையால் கண்டறியும் கையடக்க டாப்ளர் கருவியை வைத்துக் கணுக்காலில் பி.பி. அளந்து, கையின் பி.பி.யோடு ஒப்பிட வேண்டும். கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்தால் 0.9க்குக் கீழே வந்தால் குழாயில் அடைப்பு இருக்கிறது. நெடுநாள் சர்க்கரைக்காரர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு: குழாயின் சுவரில் சுண்ணாம்பு ஏறி விறைத்துப்போவதால், அடைப்பு இருந்தும் அளவு நன்றாக இருப்பது போலக் காட்டும். 1.3ஐத் தாண்டி வந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது. அப்போது கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். அது 30க்குக் கீழே என்றால் அவசரமாக ரத்தக்குழாய் டாக்டரிடம் போக வேண்டும்.

குதிகால் விஷயம். கறுப்பு காய்ந்து, கெட்டியாக, ஓரம் ஒட்டியபடி, சுற்றிலும் சிவப்போ வீக்கமோ இல்லாமல் இருந்தால், அதை எடுக்காமல் விடுவதுதான் உலகம் முழுக்க உள்ள வழக்கம். அது உடம்பு தானாகப் போட்டுக்கொண்ட மூடி. ஈரம் படாமல் உலர்வாக வைத்திருக்க வேண்டும். ஜெல்லும் வைக்கக் கூடாது, ஊறிப்போகும். அழுத்தினால் உள்ளே நொளுக்கென்று இருக்கிறது, ஓரத்தில் கசிகிறது, சுற்றிலும் சிவக்கிறது, நாற்றம் வருகிறது என்றால் கதை வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆக, அம்மா, உங்கள் மாமனாருக்கு இரண்டு கால், இரண்டு தனித்தனி முடிவு. வலது பாதத்தில் ரத்த ஓட்டம் சரி என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால், வாராவாரம் வீட்டில் சுத்தம் செய்வது நியாயமான ஏற்பாடுதான். மூன்று மாடி இறக்கி ஏற்றுவதில் அவர் விழுந்துவிட்டால் அது இன்னும் பெரிய ஆபத்து. இடது பக்கம் டாப்ளர் பார்க்கும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. ஒரே ஒரு முறை சிரமம் பார்க்காமல் கீழே இறக்கி இரண்டு காலுக்கும் டாப்ளர் எடுத்துவிடுங்கள். கர்நாடக அரசின் எண்டோகிரைனாலஜி நிறுவனத்தில், முன்பு டயபடாலஜி நிறுவனம் என்று இருந்ததே, பாதத்துக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளிலும் ரத்தக்குழாய்ப் பிரிவுகள் உண்டு.


ஸ்ரீராமபுரம்_அத்தை எழுதியது:

எங்கள் பக்கம் பப்பாளிக்காயை அரைத்துப் போடுவார்கள், அழுகல் எல்லாம் கழன்று வந்துவிடும் என்பார்கள். மஞ்சளும் வைப்பார்கள். செலவில்லாத வைத்தியம், ஏன் யாரும் சொல்லவில்லை?


வீட்டுச்செவிலி_ஜேபிநகர் எழுதியது:

அத்தை, பப்பாளியில் செத்த சதையைக் கரைக்கும் பொருள் இருப்பது உண்மைதான். பப்பைன் என்று அதைப் பிரித்தெடுத்துக் களிம்பாகவும் விற்றார்கள். அதையே அமெரிக்காவில் 2008இல் நிறுத்தச் சொன்னார்கள். ஒவ்வாமை மோசமாக வந்தவர்கள் உண்டு. வீட்டு மிக்ஸியில் அரைத்த காயில் எவ்வளவு பால் இருக்கிறது, என்னென்ன கிருமி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உணர்ச்சி இல்லாத காலில் எரிந்தாலும் அவருக்குத் தெரியாது. மஞ்சள், காப்பித்தூள் வைத்த புண்ணை எத்தனையோ வீட்டில் கழுவியிருக்கிறேன். பொடி புண்ணுக்குள் போய் அப்பிக்கொள்ளும். எது அழுகல், எது மஞ்சள் என்றே தெரியாது. வேண்டாம் அத்தை.

ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். நுரை பொங்குவதைப் பார்த்தால் சுத்தமாவது போல இருக்கும். புதிதாக வளரும் சதையையும் அது தின்கிறது. வெறும் சலைன் போதும். 500 மில்லி பாட்டில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். திறந்த பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.


ஜீவன்பீமாநகர்_மகள் எழுதியது:

நான் நல்லபடியாக நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தபோது இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல் படுக்கைப் புண் வந்தது. முழுக்க மஞ்சளும் கறுப்புமாக மூடியிருந்ததால் எவ்வளவு ஆழம் என்றே சொல்ல முடியாது என்றார் டாக்டர். முதல் முறை ஆஸ்பத்திரியில் வைத்துப் பெரிதாக எடுத்தார்கள். மிச்சத்தை வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். சிஸ்டர் வாரம் இரண்டு முறை வருவார்.

அம்மாவுக்கு வலி தெரியும். அவரால் சொல்ல முடியாது, ஆனால் முகம் சுருங்கும், இடது கை போர்வையைப் பிடித்துக்கொள்ளும். சிஸ்டர் வருவதற்கு முன்பே போனில் சொல்லி வலி மாத்திரை கொடுக்கச் சொல்வார். வந்ததும் மரத்துப்போகும் ஜெல்லை வைத்து மூடிவிட்டு, அது வேலை செய்கிற வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். கன்னடத்துக்காரப் பெண், அரைகுறைத் தமிழில் "அம்மா, ஊட்டா ஆச்சா, சாப்டீங்களா" என்பார். பாதியில் அம்மா கையை இறுக்கினால் நிறுத்திவிடுவார். "மிச்சம் அடுத்த முறை" என்பார். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்ததில்லை. நல்ல ஆள் என்றால் இதுதான் என்று எனக்குப் புரிந்தது.

ஆனால் புண் ஆறியது பிளேடால் மட்டும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தோம், ராத்திரியும். முழுக்கப் பக்கவாட்டில் இல்லை, முதுகுக்குத் தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்வாக. குதிகால் படுக்கையில் படாமலிருக்க, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கீழே வைப்பது நம் ஊர் வார்டுகளில் வழக்கம்; எங்கள் பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். அது அழுத்தத்தைக் குறைக்காது, வைக்க வேண்டாம் என்றார் சிஸ்டர். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம் என்றார்.

அப்புறம் சாப்பாடு. அம்மாவின் எடைக்கு ஒரு கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் புரதம் என்று டயட்டீஷியன் கணக்குப் போட்டார். ரசம் சாதத்தில் அது எங்கிருந்து வரும்? முட்டையின் வெள்ளைக்கருவை இட்லி மாவில் அடித்து ஊற்றினோம், பயறு வேகவைத்து மசித்தோம், தயிரைத் துணியில் வடிகட்டிக் கெட்டியாகக் கொடுத்தோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

செலவு குறையவில்லை, பொய் சொல்ல மாட்டேன். சிஸ்டர் வருகைக்குச் சில நூறு, டாக்டரே வந்தால் அது ஆயிரங்களில். வெள்ளி கலந்த கட்டுகள் தனி. ஆனால் ஆம்புலன்ஸ், பலகை மாதிரி விறைத்த ஸ்ட்ரெச்சர், ஓல்டு மெட்ராஸ் ரோடு நெரிசல், ஓ.பி. வரிசையில் அதே புண்ணின் மேல் மணிக்கணக்கில் படுத்திருப்பது, இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வீடுதான் மேல் என்று தோன்றியது.


ஆட்டோ_அண்ணன்_அல்சூர் எழுதியது:

நான் நோயாளி பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கும் உள்ளங்காலில் அதே இடத்தில் புண். சித்திரை வெயிலில் சோமேஸ்வரர் கோயில் பிராகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றினேன். கல் கொதித்தது எனக்குத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். சிஸ்டர் வந்து வந்து சுத்தம் செய்வார், நன்றாகச் சிவந்து வரும். நான் ஆட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவேன், பிரேக் மிதிக்கிற கால் அது. அடுத்த வாரம் பார்த்தால் மறுபடி காய்ப்பு, மறுபடி அழுகல். குடும்பம் ஓடணுமே, என்ன செய்ய?

கடைசியில் முழங்கால் வரை ஒரு கட்டு போட்டுவிட்டார்கள், நானே கழற்ற முடியாதது. ஆட்டோவை மச்சானுக்கு வாடகைக்கு விட்டேன். அப்புறம்தான் ஆறியது. இப்போது எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுகிறேன், வீட்டுக்குள்ளும்.


ஓய்வு_சர்ஜன்_அல்சூர் எழுதியது:

அண்ணன் சொன்னதை மருத்துவ மொழியில் சொன்னால், அழுத்தத்தை எடுக்காமல் அழுகலை மட்டும் எடுப்பது வீண். இதை நமக்குக் கற்றுக்கொடுத்தது வேலூர்தான். 1946இல் சி.எம்.சி.க்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குக் காரணம் நோய் சதையை அரிப்பதல்ல, வலி தெரியாத காலை ஓய்வில்லாமல் மிதிப்பதுதான் என்று காட்டினார். அந்தக் கால்களுக்குப் பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டைப் போட்டு ஆற்றினார். இன்றைக்குச் சர்க்கரைக் காலுக்கும் கழற்ற முடியாத, முழங்கால் வரையிலான அந்தக் கட்டைத்தான் முதல் தேர்வாகச் சொல்கிறார்கள். ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ கிருமி பரவியிருந்தாலோ மட்டும் யோசித்துப் போட வேண்டும்.

வீட்டுக்கு ஆள் வந்து அழகாகச் சுத்தம் செய்துவிட்டுப் போன பிறகு, மாமனார் பாத்ரூமுக்கு எப்படிப் போகிறார்? அந்தக் காலை ஊன்றியா? இதை யாரும் கேட்பதில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள் அம்மா.


கம்மனஹள்ளி_கணக்கர் எழுதியது:

இரண்டு நடைமுறை விஷயம் மட்டும்.

இன்ஷூரன்ஸ்: ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த பிறகு ஆகும் செலவுக்குப் பல பாலிசிகளில் 60 அல்லது 90 நாள் இடம் உண்டு. வீட்டு நர்சிங் அதில் வருமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். டிஸ்சார்ஜ் சீட்டில் "வாராந்திர டிப்ரைட்மென்ட்" என்று எழுதியிருப்பது உங்களுக்குச் சாதகம். ஒவ்வொரு வருகைக்கும் பில், டாக்டர் சீட்டு இரண்டையும் வாங்கி வையுங்கள்.

குப்பை: பிளேடும் ஊசியும் உங்கள் வீட்டுக் குப்பையில் விழவே கூடாது. வருகிறவர்தான் குத்தாத டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். ரத்தம் பட்ட காஸையும் அவர்களே கொண்டுபோவது நல்லது. நீங்களாக மாற்றும் கட்டை செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புக் குறி போட்டு, நம் ஊர் முறைப்படி சிவப்புத் தொட்டியில் போடுங்கள். ஈரக் குப்பையோடு கலந்தால், காலையில் வரும் பௌரகார்மிகர் (துப்புரவுப் பணியாளர்) வெறுங்கையால் பிரிக்கிறார். அவர்களிலும் நம் ஆட்கள் உண்டு.


மர்பிடவுன்_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் கோடி நன்றி. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துத் தெருப் பையன்கள் வந்து மாமாவை இறக்கினார்கள். டாப்ளர் எடுத்தோம். வலது காலில் நாடி நன்றாக இருக்கிறது, கட்டைவிரல் அழுத்தமும் தாராளமாக இருக்கிறது என்றார்கள். இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே ஓட்டம் குறைவு. கட்டைவிரல் அழுத்தம் முப்பதுக்கு மேலேதான், ஆனால் கொஞ்சமே மேலே. ரத்தக்குழாய் டாக்டர் ஆஞ்சியோ பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார். "குதிகாலைத் தொட்டிருந்தால் பிரச்சினை ஆகியிருக்கும்" என்று அவரும் அதையேதான் சொன்னார். மாமியார் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பேசிய இடம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வேறு ஓர் இடத்திலிருந்து வந்த சிஸ்டர், வந்ததும் மாத்திரை டப்பாவைக் கேட்டார், ரிப்போர்ட்டைப் படித்தார், இரண்டு பாதத்திலும் கை வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் பையைத் திறந்தார். நீங்கள் எழுதியபடியே ஓரத்துக் காய்ப்பைச் சீவினார். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு வலியே இல்லை. ரத்தம் துளிர்த்தது, காஸை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திக் காலைத் தூக்கிப் பிடித்தார், நின்றுவிட்டது. புண் பெரிதாகத் தெரிந்தது. மாமியாரிடம் முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டார்.

இன்னும் இரண்டு கேள்வி. எத்தனை நாள் பார்த்துவிட்டு இது ஆறவில்லை என்று முடிவுக்கு வரலாம்? வாரம் ஒருமுறை சீழை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டுமா?


வீட்டுச்செவிலி_ஜேபிநகர் எழுதியது:

நல்ல செய்தி அக்கா! அந்த சிஸ்டரை விட்டுவிடாதீர்கள், ஒரே ஆள் தொடர்ந்து வருவது முக்கியம். ஒவ்வொரு முறையும் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில், ஸ்கேல் வைத்து போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். நினைவை நம்பாதீர்கள், போட்டோவை நம்புங்கள்.


ஓய்வு_சர்ஜன்_அல்சூர் எழுதியது:

நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அதே வைத்தியத்தைத் தொடராமல் மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்: ரத்த ஓட்டம், எலும்பில் கிருமி, அழுத்தம், சர்க்கரை அளவு. வலது காலுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துவைப்பது எப்படியும் நல்லது.

புண்ணில் சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ் இப்படிக் கிருமி தாக்கிய அடையாளம் இல்லாதபோது டெஸ்ட் வேண்டாம், ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். எந்தப் புண்ணைத் துடைத்து அனுப்பினாலும் ஏதோ ஒரு கிருமி வளரத்தான் செய்யும். அடையாளம் இருந்தால், நன்றாகக் கழுவிச் செத்த சதையை எடுத்த பிறகு, அடியிலிருந்து திசுவைக் கொஞ்சம் எடுத்து அனுப்ப வேண்டும். மேலே வழியும் சீழைத் துடைத்து அனுப்பினால் சரியான பதில் வராது.

ராத்திரி எந்த நேரமானாலும் சிஸ்டருக்குக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டியவை: குளிர் காய்ச்சல், சிவப்பு புண்ணின் ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிப் பரவுவது, அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று சத்தம், இடது குதிகால் ஈரமாவது, சர்க்கரை திடீரென்று ஏறுவது. உணர்ச்சியில்லாத காலில் வலி வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


மர்பிடவுன்_மருமகள் எழுதியது:

இதை அப்படியே தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டேன் சார், பக்கத்துத் தெருப் பையன்களின் போன் நம்பரோடு. கமோடு நாற்காலி நாளைக்கு வருகிறது. ஆஞ்சியோ முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.